கையெழுத்துக்கு முன்னால் ஒரு வக்கீல்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். வேலையை விட்டாச்சு, அல்லது விட வைத்துவிட்டார்கள், இப்போது பழைய முதலாளி ஒரு பேப்பரை நீட்டுகிறார், போடலாமா வேண்டாமா. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அண்ணாச்சி, கங்கைகொண்டான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக 11 வருஷம் 7 மாசம் வேலை பார்த்தேன். கடைசியாக பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து 20,800 ரூபாய். போன மாசம் திடீர்னு கூப்பிட்டு, ஆள் குறைக்கிறோம், நாளையில இருந்து வரவேண்டாம்னு சொல்லிட்டாங்க. எல்லாத்துக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம் தர்றோம், ராஜினாமா கடிதத்துலயும் இந்த ஒப்பந்தத்துலயும் கையெழுத்துப் போடுங்கன்னு ரெண்டு பக்கம் டைப் அடிச்சு வச்சிருக்காங்க. ஸ்டாக்ல குறைவு இருக்கு, போடலேன்னா போலீசுக்குப் போவோம்னு ஜாடையா ஒரு வார்த்தையும் விட்டாங்க. எனக்கு வக்கீல் யாரையும் தெரியாதுன்னு சொன்னதுக்கு, எங்க கம்பெனி வக்கீலே உங்களுக்கும் சேர்த்துப் பாத்துக்குவார்னு சொல்றாங்க. போட்டுரலாமா? (ஒரு வாசகர், மானூர்)

பதில்: போடாதீங்க. இன்னும் ஒரு வாரம் போடாதீங்க. நீங்கள் அனுப்பிய நகலில் ஆறாவது பத்தியை நான் ரெண்டு தடவை படித்தேன். "சுயேச்சையான வழக்கறிஞரின் ஆலோசனையைப் பெற்று, ஷரத்துகளை நன்கு புரிந்துகொண்டு, யாருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி முழு மனதுடன் கையொப்பமிடுகிறேன்" என்று இருக்கிறது. நீங்கள் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் கையெழுத்து விழுந்த நிமிஷத்திலிருந்து, பார்த்ததாக நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நாளைக்கு நீங்கள் லேபர் கோர்ட்டில் நின்று "என்னை மிரட்டி வாங்கினார்கள், எனக்கு ஒன்றும் புரியவில்லை" என்று சொன்னால், எதிர்த்தரப்பு முதலில் எடுத்து நீட்டுவது இந்த ஆறாவது பத்தியைத்தான். அதனால் அந்த வரியை முதலில் உண்மையாக்குங்கள். உங்களுக்கென்று ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

கம்பெனி வக்கீல் நல்ல மனுஷராகவே இருக்கலாம். ஆனால் அவருக்குக் கட்சிக்காரர் கம்பெனி. ஒரு விஷயத்தில் ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்ன வக்கீல் அதே விஷயத்தில் எதிர்த்தரப்புக்கு வேலை செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அது மட்டுமில்லை. உங்கள் வக்கீலிடம் நீங்கள் மனம் விட்டுச் சொல்வதை அவர் வெளியே சொல்லக் கூடாது, அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. கம்பெனி வக்கீலிடம் "சார், ஒரு தடவை ஸ்டாக் எண்ணும்போது நான் லீவு, அப்போ என்ன நடந்துச்சோ" என்று நீங்கள் வெள்ளந்தியாகச் சொல்வது நேரே கம்பெனிக்குப் போகும். போகத்தான் வேண்டும், அவர் அவர்களுடைய ஆள்.

இப்போது கணக்குக்கு வருவோம். பணிக்கொடை என்கிற கிராஜுட்டி, மாசச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருஷத்தால் பெருக்குவது. 20,800ஐ 26ஆல் வகுத்தால் 800. அதை 15ஆல் பெருக்கினால் 12,000. ஆறு மாசத்துக்கு மேல் போன மிச்சம் முழு வருஷமாகக் கணக்காகும் என்பதால் உங்களுக்கு 12 வருஷம். ஆக 1,44,000 ரூபாய். கம்பெனி "எல்லாத்துக்கும் சேர்த்து" தருகிற ஒன்றரை லட்சத்தில் இது கழிந்தால் மீதி 6,000 ரூபாய்தான். அதாவது நீங்கள் ராஜினாமா செய்திருந்தாலும், ஓய்வு பெற்றிருந்தாலும் தானாக வரவேண்டிய பணத்தையே எடுத்து, சமாதானத் தொகை என்று பேர் மாற்றித் தருகிறார்கள்.

அவர்கள் வாயாலேயே ஆள் குறைப்பு என்று சொல்லியிருக்கிறார்களே, அதற்குத் தனிக் கணக்கு உண்டு. ஒரு வருஷத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆள் குறைப்பு என்று நிறுத்தினால் ஒரு மாச நோட்டீஸ் அல்லது ஒரு மாசச் சம்பளம், அதோடு வருஷத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்டஈடு. உங்கள் 20,800ஐ மட்டும் வைத்துப் பார்த்தாலே நஷ்டஈடு 1,24,800, நோட்டீஸ் சம்பளம் 20,800. கிராஜுட்டியையும் சேர்த்தால் 2,89,600. எடுக்காத லீவுக்கான பணம், போனஸ், நின்ற மாசத்துச் சம்பளம் இதில் சேரவில்லை. இப்போது ராஜினாமா கடிதத்தை ஏன் கேட்கிறார்கள் என்று புரிகிறதா? நீங்களே விலகினதாக எழுதிக் கொடுத்தால் ஆள் குறைப்பு நஷ்டஈட்டுக்குப் பேச்சே இல்லை. ஒப்பந்தத்தை விட எனக்குப் பயமாக இருப்பது அந்த நாலு வரி ராஜினாமா கடிதம்தான். அதைத் தேதி போடாமல் வாங்கி வைத்துக்கொள்கிற இடங்களும் உண்டு.

2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்களின் இடத்தில் நாலு சட்டத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. மேலே சொன்ன கணக்கு முறை மாறவில்லை. ஆனால் பேசிக்கைக் குறைத்துக் காட்டிவிட்டு, வீட்டுப்படி, அந்தப்படி இந்தப்படி என்று ஏற்றி வைத்திருந்தால், மொத்தத்தில் பாதிக்கு மேல் போகிற படிகளையும் சம்பளமாகவே சேர்க்க வேண்டும் என்று வந்திருக்கிறது. உங்கள் சம்பளச் சீட்டைப் பார்த்தால்தான் தெரியும், தொகை இன்னும் கூடலாம். வேலையிலிருந்து நிறுத்தினால் பாக்கிச் சம்பளத்தை 2 வேலை நாளுக்குள் தர வேண்டும் என்பதும் இப்போது சட்டம். கையெழுத்துப் போட்டால்தான் சம்பளம் என்று பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. இன்னொன்று, வேலைநீக்கத் தகராறைக் கிளப்ப முன்னே 3 வருஷம் இருந்தது, இப்போது 2 வருஷம். "பேசிக்கிட்டு இருக்கோம்ல, பொறுங்க" என்று இழுத்தடித்தால் நாட்களை எண்ணிக்கொண்டே இருங்கள்.

ஸ்டாக் மிரட்டலைப் பற்றி. பொய் வழக்குப் போடுவேன் என்று பயமுறுத்தி வாங்கின சம்மதத்தை 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் மிரட்டியதை நிரூபிக்க வேண்டிய பாடு உங்களுடையது. அதனால் யார், எந்தத் தேதியில், எந்த அறையில், என்ன வார்த்தையில் சொன்னார்கள் என்று இன்றைக்கே எழுதி வையுங்கள், வாட்ஸ்அப்பில் வந்ததை அழிக்காதீங்க. கடைசியில் ஒப்பந்தம் என்று ஒன்று போடுவதானால், உங்களுக்கு அவர்கள் மேல் பாத்தியதை இல்லை என்று எழுதுகிற அதே இடத்தில், ஸ்டாக் உட்பட எதற்காகவும் அவர்களுக்கும் உங்கள் மேல் எந்தப் பாத்தியதையும் புகாரும் இல்லை என்று எழுதியிருக்க வேண்டும். உங்களிடம் கொடுத்த பேப்பரில் நீங்கள் விட்டுக்கொடுப்பது மட்டும்தான் இருக்கிறது.

சரி, வக்கீலை எங்கே போய்ப் பிடிப்பது? பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்துக்குப் போய் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேளுங்கள். 1987ஆம் வருஷத்து சட்டப்பணிகள் சட்டப்படி தொழிற்சாலைத் தொழிலாளிக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு, வருமானம் எவ்வளவு என்பது கணக்கில்லை. முதலில் போனில் கேட்க 15100. அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர் மாதிரி கோர்ட் உள்ள ஊர்க்காரர்கள் அங்கேயே வட்ட சட்டப்பணிகள் குழுவில் கேட்கலாம். காசு கொடுத்தே பார்க்கலாம் என்றால், தொழிலாளர் வழக்கு நடத்துகிறவராகப் பாருங்கள், நிலத் தகராறு வக்கீலிடம் இதைக் கொண்டு போகாதீங்க. ஆலோசனைக்கு மட்டும் என்ன ஃபீஸ் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். "கிடைக்கிறதுல இத்தனை சதவீதம் எனக்கு" என்று பேசுவது வக்கீல்களுக்குத் தடை செய்யப்பட்ட விஷயம். அப்படிக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பெரியவர் ஒருத்தர் நடுவில் உட்கார்ந்து "நான் பேசி முடிச்சுத் தாரேன்" என்பார். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார். ஆனால் அவருடைய வேனோ லாரியோ அதே கம்பெனிக்கு ஓடுகிறதா, அவர் மகன் அங்கே காண்ட்ராக்டில் ஆள் விடுகிறானா என்று பாருங்கள். வக்கீலிடமும் இதே கேள்வியை வெட்கப்படாமல் கேளுங்கள்: "சார், நீங்க இந்தக் கம்பெனிக்கோ அவங்க ஆளுகளுக்கோ ஏதாவது கேஸ் பாக்கீங்களா?" சரியான வக்கீல் இதற்குக் கோபப்பட மாட்டார்.

போகும்போது வேலைக்குச் சேர்ந்த உத்தரவு, கடைசி ஒரு வருஷச் சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக் பிரதி, அவர்கள் கொடுத்த இந்த ரெண்டு பேப்பர், எல்லாம் கொண்டு போங்கள். பேரம் பேச வேண்டியது எது, பேரமே பேசக் கூடாதது எது என்று அவர் பிரித்துச் சொல்வார். கிராஜுட்டி பேரத்துக்கு உட்பட்டதில்லை, அதை விட்டுக்கொடுப்பதாக எழுதினாலும் அந்த ஷரத்து செல்லாது. பி.எஃப். பணமும் அப்படித்தான், அது உங்கள் பேரில் உள்ள கணக்கு. வேலையை விட்ட தேதியை மட்டும் கம்பெனி ஒழுங்காகப் பதிவு செய்ததா என்று பாருங்கள், அதில் தப்பு விழுந்தால் பணம் எடுக்க அலைய வேண்டும். மற்றபடி நஷ்டஈட்டில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து உடனே கையில் வாங்குவது பல நேரம் புத்திசாலித்தனம்தான். வழக்கு என்று இறங்கினால் லேபர் கோர்ட், அதற்கு மேல் ஹைகோர்ட் மதுரைக் கிளை என்று வருஷக்கணக்கில் இழுக்கும். உங்கள் வக்கீலே "ரெண்டரை வந்தா வாங்கிட்டு வேற வேலையப் பாருங்க" என்று சொன்னாலும் சொல்வார். அது உங்களுக்காக யோசித்துச் சொன்ன பதில் என்பதால் கேட்கலாம்.

தொழிலாளர் துறையில் சமரசப் பேச்சு நடக்கும்போது வக்கீல் உங்களுக்காக ஆஜராக முடியாது, சங்கப் பொறுப்பாளர் வரலாம். அதனால் வக்கீலிடம் கேட்க வேண்டியதை முன்னாடியே கேட்டு எழுதி வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். ஒப்பந்தம் போடுவதாக முடிவானால், கம்பெனி ஆபீஸில் உட்கார்ந்து போடுவதை விட சமரச அதிகாரி முன்னால் போடுவது நல்லது. தொகையை ஒரே உருண்டையாக எழுதாமல் கிராஜுட்டி இவ்வளவு, நோட்டீஸ் சம்பளம் இவ்வளவு, நஷ்டஈடு இவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். டிடியாகவோ அன்றைக்கே வங்கிக் கணக்கிலோ பணம் வரட்டும். மூன்று மாசம் தள்ளித் தேதி போட்ட செக் வேண்டாம்.

கேள்வி: எங்க அம்மா முக்கூடலில் 27 வருஷமா வீட்டிலிருந்தே பீடி சுத்தினாங்க. கண் பார்வை மங்கிப் போய் இப்ப முடியல. பீடிக் கடையில 15,000 ரூபாய் கையில கொடுத்து, ஒரு வெள்ளைப் பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டாங்க. இனி ஒன்னும் கேட்க முடியாதுன்னு கடைக்காரர் சொல்றார். கையெழுத்துப் போட்ட பொறவு வக்கீலைப் பார்த்து என்ன பிரயோஜனம்? (ஒரு வாசகி, முக்கூடல்)

பதில்: பிரயோஜனம் இருக்கும்மா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்க. வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவரும் தொழிலாளிதான் என்று 1966ஆம் வருஷத்துப் பீடித் தொழிலாளர் சட்டமே சொல்லிவிட்டது. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று இருந்தாலும் கிராஜுட்டிக்கு வழி உண்டு: கடைசி மூன்று மாசக் கூலியை வைத்து ஒரு நாள் சராசரி எடுப்பார்கள். பேச்சுக்கு நாள் சராசரி 200 ரூபாய் என்று வைத்தால், 15ஆல் பெருக்கி 27ஆல் பெருக்க 81,000 வருகிறது. 15,000 எங்கே, 81,000 எங்கே. சட்டப்படி வரவேண்டிய கிராஜுட்டியை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது என்று மேலே சொன்னேனே, வெள்ளைப் பேப்பருக்கும் அதுதான். கொடுத்த 15,000ஐக் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஆனால் 27 வருஷத்தைக் காட்ட வேண்டும். கடையில் இலை, தூள் போட்டதும் பீடி கொடுத்ததும் எழுதுகிற பாஸ் புத்தகங்கள் எத்தனை கிடைக்கிறதோ அத்தனையும் தேடுங்கள், கிழிந்ததையும் எறியாதீங்க. பி.எஃப். நம்பர், பீடித் தொழிலாளர் அடையாள அட்டை, முக்கூடல் பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரிச் சீட்டு, எதில் கம்பெனி பேரும் வருஷமும் இருந்தாலும் அது சாட்சி. நடுவில் கடை மாறி, பேர் மாறி, ஏஜெண்டு மாறியிருப்பார், அதை வைத்துத்தான் "எங்ககிட்ட நாலு வருஷம்தான்" என்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லத்தான் உங்களுக்கு ஆள் வேண்டும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, அம்மா ஒரு பைசா செலவழிக்க வேண்டியதில்லை. சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் எது பக்கமோ அங்கே முதலில் கேளுங்க, இல்லையென்றால் பாளையங்கோட்டை. கிராஜுட்டி கேட்டு விண்ணப்பம் கொடுக்கக் கெடு உண்டு. தாமதத்துக்குச் சரியான காரணம் எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள், கண் பார்வைக்கு டாக்டர் சீட்டு இருந்தால் அதையும் சேருங்க. அதை நம்பி இன்னும் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: வள்ளியூர் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் 8 வருஷம் டீச்சர். வேறு பள்ளிக்கு மாறப் போகிறேன் என்றதும், ஒரிஜினல் சர்டிபிகேட்டைத் தர மாட்டேன் என்கிறார்கள். "வரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை, 2 வருஷம் இந்த வட்டாரத்தில் வேறு பள்ளியில் சேர மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்தால் தருவார்களாம். (ஒரு ஆசிரியை)

பதில்: டீச்சர், ரெண்டாவது வரியைப் பற்றிக் கவலையே படாதீங்க. வேலையை விட்ட பிறகு வேறு இடத்தில் பிழைக்கக் கூடாது என்று போடுகிற ஷரத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவுப்படி செல்லாது. கவனிக்க வேண்டியது முதல் வரி. தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் கிராஜுட்டி உண்டு. 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் பொருந்தும் என்று கொண்டுவந்தார்கள், பள்ளிகள் எதிர்த்துப் போன வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் அது சரி என்று சொல்லிவிட்டது. 8 வருஷத்துக்கு உங்களுக்கு நல்ல தொகை வரும்.

ஒன்று மட்டும் கவனம். ஆசிரியர் "தொழிலாளி" என்ற வரையறைக்குள் வர மாட்டார் என்று 1988லேயே தீர்ப்பு இருக்கிறது. அதனால் மானூர்க்காரருக்குச் சொன்ன லேபர் கோர்ட் வழி உங்களுக்கு இல்லை. கிராஜுட்டிக்குத் தொழிலாளர் துறை, மற்றதற்கு வேறு இடம். பக்கத்து வீட்டுக்காரருக்கு வேலை செய்த யோசனை உங்களுக்கு வேலை செய்யாமல் போவது இதனால்தான், உங்கள் பேப்பரை உங்கள் வக்கீல்தான் பார்க்க வேண்டும். சர்டிபிகேட் உங்கள் சொத்து, அதை அடகு மாதிரிப் பிடித்து வைக்கப் பள்ளிக்கு உரிமை இல்லை. வக்கீல் நோட்டீஸ் ஒன்று பதிவுத் தபாலில் போனாலே பல இடங்களில் பீரோ திறந்துவிடும். வேறு வழியில்லாமல் ஏதாவது ரசீதில் கையெழுத்துப் போட வேண்டி வந்தால் "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்" என்று உங்கள் கையால் எழுதி, தேதி போட்டு, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகன் லண்டனில் வேலை. ஆள் குறைப்பில் ஒரு ஒப்பந்தம் கொடுத்து, நீயே ஒரு வக்கீலைப் பார், ஃபீஸில் ஒரு பகுதியை நாங்கள் தருகிறோம் என்கிறார்களாம். கம்பெனி காசு வாங்கினால் அவர் கம்பெனி ஆளாகிவிட மாட்டாரா? (ஒரு தகப்பனார், மகாராஜ நகர்)

பதில்: ஆக மாட்டார் சார். அங்கே 1996ஆம் வருஷத்து வேலை உரிமைச் சட்டப்படி, இப்படி ஒரு ஒப்பந்தத்தால் வேலை சம்பந்தப்பட்ட சட்ட உரிமைகளை விட்டுக்கொடுப்பது செல்ல வேண்டுமானால், தொழிலாளி தனக்கென்று ஒரு சுயேச்சையான ஆலோசகரைப் பார்த்திருக்க வேண்டும், அவர் யார் என்று ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும், அவருக்குத் தொழில் காப்பீடும் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கம்பெனிக்குத்தான் நஷ்டம், அதனால்தான் அவர்களே ஃபீஸ் தருகிறார்கள். பணம் எங்கிருந்து வந்தாலும் கட்சிக்காரர் உங்கள் மகன். ஆளை அவரே தேர்ந்தெடுக்கட்டும், கம்பெனி நீட்டுகிற பெயர்ப் பட்டியலை நம்ப வேண்டாம். யோசிக்கக் குறைந்தது 10 நாள் கொடுக்க வேண்டும் என்று அங்குள்ள நடைமுறைக் குறிப்பு சொல்கிறது, அந்த நாள் முழுவதையும் அவர் எடுத்துக்கொள்ளட்டும்.

நம் ஊரில் இப்படி ஒரு கட்டாயம் இல்லை. இல்லாததால்தான் அந்த ஆறாவது பத்தி மாதிரி ஒரு வரியைச் சும்மா டைப் அடித்துவிட்டுப் போக முடிகிறது. ஆனால் கேட்பதற்குத் தடை இல்லை. "வக்கீலைப் பார்த்ததாக எழுதியிருக்கீங்க, அப்போ பார்க்க ஒரு வாரம் டயம் கொடுங்க, ஃபீஸையும் கொடுங்க" என்று மானூர்க்காரர் எழுத்தில் கேட்டால், மறுப்பதையும் அவர்கள் எழுத்தில்தான் மறுக்க வேண்டும். அந்த மறுப்பும் அவருக்கு ஒரு சாட்சிதான்.

கேள்வி: லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொண்டால், பிறகு தொகை குறைவு என்று அப்பீல் போகலாமா? (ஒரு வாசகர், பேட்டை)

பதில்: போக முடியாது. அங்கே ரெண்டு பேரும் சம்மதித்துப் போடுவது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. உங்கள் கணக்கை வக்கீலிடம் காட்டிச் சரிபார்த்துவிட்டு அன்றைக்குக் காலையில் உள்ளே போங்கள்.